அன்று ஏரி மூடியிருக்கவில்லை

ரியாசு, அஸ்ஸலாமு அலைக்கும். அத்தா எழுதுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் மனசிலிருந்து இரண்டு வார்த்தை பேசினால் நீ "சரி அத்தா, மாத்திரை போட்டீங்களா" என்று பேச்சைத் திருப்பிவிடுவாய். வாட்ஸ்அப்பில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மையை அனுப்பி முடித்துவிடுவாய். எழுதி அனுப்பினால் நீ குறுக்கே வர வழியில்லை. ஸ்வெட்டர் மடிப்புக்குள் வைத்து வருகிற வெள்ளை அட்டைகள் கடையில் ஏராளமாகக் கிடக்கின்றன. அவற்றில் நம்பர் போட்டு எழுதுகிறேன். கலைந்து போனால் வரிசைப்படுத்திக்கொள்.

உன் நிக்காஹுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. கொடைக்கானலில் மழை விடுவதும் பிடிப்பதுமாக இருக்கிறது. கடைக்குக் காலையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், அதில் ஒருவர் பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார். உன் அம்மா உன் மாப்பிள்ளைக் கோட்டின் நிறத்தை மூன்றாவது முறையாக மாற்றிவிட்டாள். பழனியிலிருந்து உன் வருங்கால மாமனார், சமீனாவின் அத்தா, தினமும் ஒரு தடவை போன் செய்து, விருந்துக்கு எத்தனை பேர் வருவோம் என்று கேட்கிறார், நானும் தினமும் ஒரு எண்ணிக்கை சொல்கிறேன். நான் சந்தோஷமாக இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருகிற சங்கதியைப் படித்துவிட்டு, அத்தாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நீ கோயம்புத்தூரிலிருந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடக் கூடாது.

கல்யாணம் ஆகப் போகிற மகனுக்குத் தகப்பன் நாலு புத்தி சொல்வது வழக்கம். என்னிடம் நாலு இல்லை. ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் நான் சறுக்கி விழுந்து கற்றது. எங்கே சறுக்கினேன் என்று சொல்லாமல் புத்தியை மட்டும் சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஏழு வருஷத்துக்கு முன்னால் உனக்கு நான் ஒரு கெடுதல் செய்தேன். அது உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கும் தெரியாது. மவுத்தாகும்வரை சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இதை உள்ளே வைத்துக்கொண்டு நிக்காஹ் அன்று உன்னைக் கட்டிப்பிடித்து துஆச் செய்ய எனக்கு மனசு ஒப்பவில்லை.

சென்னையில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தவன் ஒரு நாள் காலையில் ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினாய். ஒரு வருஷமாக நீ வகுப்புக்கே சரியாகப் போகவில்லை, ஏழெட்டுப் பேப்பர் அரியர் நிற்கிறது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஏன் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாய். அது எனக்கு ஒரு பதிலாகவே படவில்லை. கத்தினேன். நீ திருப்பிக் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றுகொண்டே இருந்தாய். அதைப் பார்த்து எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. அதன் பிறகு நீ பேசுவது குறைந்து, அப்புறம் நின்றே போனது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவாய். தட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போவாய்.

எனக்கோ கடைக்கு வருகிறவர்களுக்கு என்ன சொல்வது என்பதுதான் பெரிய சோலியாக இருந்தது. பஜாரில் ஒவ்வொருவரும் கேட்டார்கள், பையன் லீவில் வந்திருக்கிறானா பாய் என்று. கேட்டவர்கள் அன்பாகத்தான் கேட்டார்கள். நான் ப்ராஜெக்ட் வொர்க் என்றேன். வீட்டிலிருந்தே செய்கிற ப்ராஜெக்ட், இப்போதெல்லாம் அப்படித்தான் என்றேன். முப்பது வருஷமாக ஒவ்வொரு டூரிஸ்ட்டிடமும் இது கடைசிப் பீஸ், இதற்கப்புறம் இந்த டிசைன் வராது என்று சொல்லிச் சொல்லி எனக்குப் பொய் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஸ்வெட்டர் வாங்குகிறவர்கள் மறுநாள் ஊருக்குப் போய்விடுவார்கள். பஜார்க்காரர்கள் போக மாட்டார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை.

இதற்கிடையில் நீ எப்படியோ பூங்கா ஏரியைக் கண்டுபிடித்தாய். பெரிய ஏரியில் படகும் குதிரையும் சைக்கிளும் சோளக்கதிர் புகையுமாகக் கிடக்கும், நம் ஊர்க்காரன் அந்தப் பக்கம் போவதே வெளியூர்ச் சொந்தம் வந்தால்தான். பூங்காவுக்குள் இருக்கிற சின்ன ஏரியில் அந்தக் கூட்டம் கிடையாது. குத்தகைக்கு எடுத்தவர் வருஷா வருஷம் வேனில் மீன்குஞ்சு கொண்டுவந்து விடுவார், கெண்டையும் ஜிலேபியும். கேட் பக்கத்தில் இருக்கிற கூண்டில் ஒரு நாள் சீட்டு வாங்கினால் கரையில் உட்கார்ந்து தூண்டில் போடலாம். ஒரு சாணுக்குக் குறைந்த மீன் மாட்டினால் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். குஞ்சு விட்ட புதிதில் கொஞ்ச நாளைக்குச் சீட்டே கொடுக்க மாட்டார்கள். நீ எங்கிருந்தோ ஒரு பழைய தூண்டில் ராடு வாங்கி வந்தாய். வெள்ளனே எழுந்து போவாய், மதியம் லுஹர் பாங்கு சொல்கிற நேரத்துக்குத் திரும்புவாய், பெரும்பாலும் வெறுங்கையோடு. உன் அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. எழுந்து குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே போகிறானே, மீன் கிடைத்தால் என்ன கிடைக்காவிட்டால் என்ன என்பாள். அவள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் பக்கத்து சாக்லேட் கடைக்காரர் டீ குடிக்கும்போது சிரித்துக்கொண்டே கேட்டார். "பாய், தம்பி ப்ராஜெக்ட் பண்ணுதுன்னு சொன்னீங்க. நேத்துப் பூங்கா ஏரிக்கரையில தூண்டிலோட உக்காந்து கெடக்கு. மீனப் பத்தி ப்ராஜெக்ட்டோ?" அவர் கிண்டலுக்குச் சொன்னார், வேறு எண்ணம் இல்லை. நானும் சிரித்தேன். டீயை முடிக்காமல் கடைக்குள் வந்து, மடித்து வைத்த ஸ்வெட்டர்களையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன். மானமே போய்விட்டது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. இத்தனை நாள் சீரழிந்து கிடந்தது நீ, மானம் போனதாக நினைத்தது நான்.

மறுநாள் சீட்டுக் கூண்டுக்குப் போனேன். அங்கே இருந்த செல்லத்துரையை உனக்கு நன்றாகத் தெரியும். வில்பட்டிக்காரர், வீட்டில் பூண்டு போடுகிறார்கள், காலைப் பஸ்ஸில் வந்து மாலைப் பஸ்ஸில் போவார், குளிர்காலத்து மப்ளர் எல்லாம் நம் கடையில்தான் வாங்குவார். நான் அவரிடம், என் மகன் வந்தால் இனிமேல் சீட்டுக் கொடுக்காதீர்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. அது எப்படிங்க பாய், வர்றவுகளுக்குக் குடுக்கத்தான உக்காந்திருக்கேன் என்றார். நீங்களும் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், அங்கே உட்கார்ந்தே பழகிவிட்டால் படிப்பு போய்விடும், அவன் நல்லதுக்குத்தான் கேட்கிறேன் என்று மன்றாடினேன். அவர் மனசு இளகியது. என்ன சொல்வது என்று அவர் தயங்கியபோது அதையும் நானே எடுத்துக் கொடுத்தேன். "புதுக் குஞ்சு விட்டிருக்கு, ஏரி மூடியாச்சுன்னு சொல்லிருங்க. மூட்டம் போட்டிருக்கற அன்னைக்குச் சொல்லுங்க. கரையில ஆளுக இருக்கறது கூண்டுலருந்து தெரியாது." பனிமூட்டத்தைக்கூட யோசித்து வைத்திருந்தேன், பார்த்துக்கொள். பெற்ற மகனுக்கு எதிராக இவ்வளவு மூளையைச் செலவழித்த ஆள் இந்த மலையில் வேறு யாரும் இருக்க மாட்டான்.

மூன்றாம் நாள் நல்ல மூட்டம். நீ போன வேகத்தில் திரும்பி வந்தாய். ராடைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாய். ஏரியை மூடிவிட்டார்கள் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்தாய். நான் கடையில் இருந்தேன், அவள் போனில் சொன்னாள். சரி, இனிமேல் புத்தகத்தை எடுப்பான் என்று நினைத்துக்கொண்டேன். நீ எடுக்கவில்லை. பாத்ரூமுக்குத் தவிர ஒன்பது நாள் அந்த அறையை விட்டு நீ வரவில்லை. குளிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு போன மாதிரியே திரும்பி வந்தது. ஐந்தாம் நாள் நான் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது உன் அம்மா ஸ்க்ரூ டிரைவரோடு உன் அறைக் கதவுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நீ பாத்ரூமுக்குப் போன நேரத்தில் உள்தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என்ன இது என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, நாலு ஸ்க்ரூவையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்போதும் அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

எட்டாம் நாள் ஸ்டெல்லா மிஸ் கம்பளி சாக்ஸ் வாங்கக் கடைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர், வெயிலோ மழையோ தினமும் குடையோடு ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பவர் என்பதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. உங்கள் பையன் எங்கே, ஒரு வாரமாகக் காணோமே என்றார். வேலையாக இருக்கிறான் என்றேன். மிஸ் சாக்ஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாய், அவன் அங்க பேசுவான். தெரியுமா ஒங்களுக்கு? மீனப் பத்தி இல்ல. காலேஜ்ல அவனுக்கு என்ன ஆச்சுன்னு, கொஞ்சம் கொஞ்சமா. நான் ஒரு கொஸ்டின்கூடக் கேக்கறது இல்ல. தண்ணியில மெதக்கற தக்கையப் பாத்துக்கிட்டே அவனாத்தான் சொல்வான். வேலை கெடக்கட்டும், அனுப்பி வைங்க."

என்னிடம் பேசாத பிள்ளை, இந்த வீட்டில் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளிடம் பேசியிருக்கிறான். நான் அந்த இடத்தைத்தான் போய் அடைத்துவிட்டு வந்திருக்கிறேன். மிஸ்ஸுக்கு நான் சின்னப் பிள்ளைகள் போடுகிற சாக்ஸை எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டேன் என்பது அவர் மறுநாள் திரும்பக் கொண்டுவந்தபோதுதான் தெரிந்தது. அந்த அம்மா மட்டும் அன்றைக்குக் கடைக்கு வராமல் இருந்திருந்தால் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அல்லாஹ் யாரை எந்தச் சாக்கில் அனுப்புகிறான் என்பது நமக்குத் தெரிவதில்லை.

அப்போதே செல்லத்துரையிடம் ஓடினேன். மறுபடி சீட்டுக் கொடுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, தம்பியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். எப்படிச் சொல்வது? நேராகச் சொல்ல எனக்கு முதுகெலும்பு இல்லை. மறுபடி பொய்யைத்தான் தேடினேன். மறுநாள் காலையில் தாழ்ப்பாள் இல்லாத உன் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தேன், நினைவிருக்கிறதா? "ஏலே ரியாசு, டாக்டர் பிரஷருக்குக் காத்தாட உக்காரச் சொல்லிருக்காரு. ஏரியத் தெறந்துட்டாகளாம். எனக்குத் தூண்டில் போடச் சொல்லித் தாயேன்." நீ என்னை வெகுநேரம் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். "மாவு பெசையணும் அத்தா" என்று எழுந்தாய். ஒன்பது நாளில் நீ எங்களிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். உன் அம்மா அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த இரண்டு மாதத்தைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் எழுத ஆசையாக இருக்கிறது. கோதுமை மாவில் வெல்லமும் ஏலக்காய்த் தூளும் போட்டுப் பிசைந்தாய். கெண்டைக்கு ஏலக்காய் வாசம் பிடிக்கும் என்றாய். உன் அம்மா வைத்திருந்த ஏலக்காய் டப்பா இரண்டே வாரத்தில் காலியானது, பாயசம் செய்தால் வாசமே வரவில்லை என்று அவள் கடைக்காரரோடு சண்டைக்குப் போனாள். நான் உருண்டையை எலுமிச்சம்பழம் அளவுக்குப் பிடித்தேன். மீன் வருவதற்கு முன்னால் அது முள்ளிலிருந்து கழன்று போய்விடும். முதல் நாள் தூண்டிலை வீசினபோது முள் என் ஸ்வெட்டர் முதுகிலேயே மாட்டிக்கொண்டது. விற்பனைக்கு வந்த புது ஸ்வெட்டர். நீ கழற்றிவிடும்போது உன் வயிறு குலுங்குவது என் முதுகில் தெரிந்தது. நீ சிரித்து எத்தனை மாதம் ஆகியிருந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை. இன்னொரு தடவை மாட்டிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன், ரியாசு.

கரையில் எனக்குச் சும்மா இருக்க வராது. வாக்கிங் வருகிற ஒவ்வொருவருக்கும் கை காட்டுவேன், சலாம் சொல்வேன், ஸ்டெல்லா மிஸ் குடைக்குள்ளிருந்து உதட்டில் விரல் வைத்துக் காட்டுவார். பத்து நாள் கழித்து எனக்கு ஒரு ஜிலேபி மாட்டியது. வீட்டுக்குக் கொண்டுபோயே தீருவேன் என்று நின்றேன். சாண் போட்டுப் பாருங்கள் என்றாய். விரல்களைக் குறுக்கிக்கொண்டு சாண் போட்டுக் காட்டினேன். நீ என் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, மீன்மேல் வைத்துக் காட்டினாய். இரண்டு விரற்கடை குறைந்தது. விட்டுவிட்டேன். சின்ன வயசுக்கு அப்புறம் நீ என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். சாக்லேட் கடைக்காரர் ஒரு நாள் அந்தப் பக்கம் வந்தார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் எழுந்து நின்று கை காட்டி, நானும் ப்ராஜெக்ட்டில் சேர்ந்துவிட்டேன் என்றேன். அவர் சிரித்தார், மிஸ் சிரித்தார், கடைசியில் நீயும் சிரித்தாய். என் மானம் எங்கேயும் போகவில்லை, அங்கேயேதான் இருந்தது.

ஒரு காலையில், தக்கையைப் பார்த்துக்கொண்டே நீ பேச ஆரம்பித்தாய். மெட்ராஸில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியாமல் போன காலைகளைப் பற்றிச் சொன்னாய். எல்லாரும் வகுப்புக்குப் போன பிறகு அறையில் தனியாக இருப்பதைச் சொன்னாய். என்னிடம் சொல்லப் பயந்து ஆறு மாதம் தள்ளிப் போட்டதைச் சொன்னாய். மிஸ்ஸிடம் கற்றுக்கொண்ட மாதிரி நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் தக்கை முங்கியதைக்கூட இழுக்கவில்லை. அதற்கப்புறம் மதுரையில் டாக்டரைப் பார்த்தோம், மருந்து சாப்பிட்டாய், அரியர்களை ஒவ்வொன்றாக எழுதினாய், கோயம்புத்தூரில் வேலைக்குப் போனாய். கடைக்கு வந்து யார் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொன்னேன், மகனுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது தேவலை என்று. யாரும் சிரிக்கவில்லை. நான் சொல்ல வந்த புத்தி இதுதான். சமீனாவின் நல்லதுக்கு என்று நினைத்து, அவளுக்குத் தெரியாமல் எதையும் செய்துவிடாதே. நல்லதுக்கு என்று தோன்றினால் அவளிடமே போய்ச் சொல். ஒளித்துச் செய்ய வேண்டியிருந்தால் அது யாருடைய நல்லதுக்கு என்று ஒரு தடவை யோசித்துக்கொள். என்னை மன்னித்துவிடு மகனே.

இவ்வளவும் நேற்று முன்தினம் எழுதியது. மன்னித்துவிடு என்று எழுதி, அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு வைத்துவிட்டேன். நேற்று வில்பட்டிக்குப் போய் வந்தேன். இப்போது மேலே எழுதியதில் ஒரு விஷயம் தப்பு என்று தெரிகிறது. ஆனாலும் கிழிக்கவில்லை. அத்தா எவ்வளவு தெரியாமல் இருந்திருக்கிறார் என்று நீயே படித்துக்கொள்.

செல்லத்துரைக்குப் பத்திரிகை கொடுக்கத்தான் போனேன். கூண்டு வேலையை விட்டுவிட்டு இப்போது தோட்டத்தோடு இருக்கிறார். வாசலில் பூண்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். உன் பேரைப் பத்திரிகையில் பார்த்ததும் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். டீ குடித்துக்கொண்டிருந்தபோது நான் பேச்சை எடுத்தேன். உங்களையும் அன்றைக்குப் பொய் சொல்ல வைத்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாய், இத்தன வருசமா சொல்லல. இனியும் மறச்சா நல்லாருக்காது. நான் ஏரி மூடியாச்சுன்னு சொன்னேன், அது நெசம். அந்நேரம் பாத்து மூட்டம் வெலகிருச்சு. அந்தக் கரையில மிஸ்ஸு கொடையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது பளிச்சுன்னு தெரியுது. தம்பி அதப் பாத்துச்சு, அப்பறம் என்னயப் பாத்துச்சு. மறுபடி பொய் சொல்ல எனக்கு நாக்கு எழும்பல. ஒங்க அத்தாதான் சொல்லச் சொன்னாகன்னு சொல்லிப்புட்டேன்."

அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"ராடத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டுக் கெளம்பிருச்சுங்க. கொஞ்ச தூரம் போயித் திரும்பி வந்து, 'எனக்குத் தெரியும்னு அத்தாட்டச் சொல்லிராதீங்கண்ணே. அவரு தாங்க மாட்டாரு'ன்னுட்டுப் போயிருச்சு."

வில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் கேரட் மூட்டையோடு இருந்த அம்மா, என்ன பாய் கண்ணு கலங்கியிருக்கு என்று கேட்டார். மகனுக்குக் கல்யாணம் என்றேன். அது பொய்யில்லை. வழி நெடுக அந்த ஒன்பது நாளையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஏரி இல்லாமல் நீ படுத்துக் கிடந்ததாக ஏழு வருஷம் நினைத்திருந்தேன். பெற்ற தகப்பனே உன்னைப் பார்த்து வெட்கப்படுகிறான் என்று தெரிந்து நீ படுத்துக் கிடந்திருக்கிறாய். அப்படிப்பட்டவன் ஒன்பதாம் நாள் வந்து பிரஷர் என்றும் டாக்டர் என்றும் இன்னொரு பொய்யைச் சொன்னபோது, நீ முகத்தில் அறைந்த மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ எழுந்து மாவு பிசைந்தாய். என் ஸ்வெட்டரில் மாட்டிய முள்ளைக் கழற்றினாய். என் விரல்களை விரித்துப் பிடித்தாய். நான்தான் உன்னைக் கரையேற்றினேன் என்று இத்தனை வருஷம் உள்ளுக்குள் ஒரு பெருமை வைத்திருந்தேன், ரியாசு. எழுந்திருக்கக்கூடத் தெம்பில்லாத அந்த நிலையில், நான் உடைந்துவிடக் கூடாது என்று நீதான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மகனுக்கு நன்றி சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சொல்கிறேன். நீ எனக்குப் பிள்ளையாகப் பிறந்ததற்கு ஒவ்வொரு தொழுகையிலும் அல்ஹம்துலில்லாஹ் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கூண்டு, மூட்டம், பிரஷர், எல்லாம். அரைமணி நேரம் என்னை வைதாள். கல்யாணமான முப்பத்திரண்டு வருஷத்தில் அப்படி வைதது கிடையாது. தாழ்ப்பாளைக் கழற்றிய அன்றைக்கு வைதிருக்க வேண்டியதையெல்லாம் சேர்த்து வைதாள். முடித்துவிட்டு டீ போட்டுக் கொடுத்தாள். அதைக் குடிக்கும்போது எனக்கு எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா? அப்போதுதான் எனக்கு உறைத்தது, நீ என்னிடம் காட்டிய பெருந்தன்மைக்கு உள்ளே ஒரு தனிமையும் இருந்திருக்கிறது. ஏழு வருஷம் ஒரு கோபத்தை யாரிடமும் சொல்லாமல் நீ ஒருத்தனே வைத்திருந்திருக்கிறாய். போனில் நான் மனசு விட்டுப் பேச வரும்போதெல்லாம் நீ மாத்திரையைப் பற்றிக் கேட்டுப் பேச்சைத் திருப்புவது எதற்கு என்று இப்போது புரிகிறது.

அதனால் முன்னே சொன்ன புத்தியோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள். நான் செய்ததை நீ சமீனாவுக்குச் செய்யாதே. நீ எனக்குச் செய்ததையும் அவளுக்குச் செய்யாதே. அவள் உனக்கு ஒரு தப்புச் செய்தது தெரிந்தால், தாங்க மாட்டாள் என்று நீயாக முடிவு செய்து வாயை மூடிக்கொள்ளாதே. கேட்டுவிடு. அவளும் அப்படி உன்னைக் கேட்கட்டும். அது என்னோடு தொடங்கட்டும். வியாழக்கிழமை நீ ஊருக்கு வருவாய். கல்யாண வீடு, ஆள் கூட்டமாக இருக்கும், அதையெல்லாம் பார்க்காதே. நேராக என்னிடம் வந்து நின்று, ஏன் அத்தா அப்படிப் பண்ணீங்க என்று கேள். உன் அம்மா வைத மாதிரி வை. எத்தனை நேரம் ஆனாலும் நான் நின்று கேட்கிறேன். நான் தாங்குவேன்.

உன் அத்தா